பொப்-பங்க் பட்டிமன்றம்

தோற்கவேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு நான் மேடை ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. வென்று தொலைத்தேன்.

என் பெயர் மரினா. வயது முப்பத்தெட்டு. டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்தில் ஜன்னல் விற்கிற கம்பனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அளவைப் பிழையாகத் தந்துவிட்டு எங்களைத் திட்டுகிற ஆட்களின் அழைப்பு வந்தால், மற்றவர்கள் அதை என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். என் வாய் அப்படி. "உன்னைப் பெத்த அண்டைக்கு மன்னாரிலை காகங்கள் எல்லாம் வாய் மூடியிருக்கும்" என்பார் என்னோடு இருக்கும் அம்மா எமிலியா.

அண்ணன் றொஜிதன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். நாங்கள் வளர்ந்த ஸ்கீவயிலேயே இன்னும் இருக்கிறார், தனியாக. தளபாடத் தொழிற்சாலையில் வேலை. ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டால் காலநிலையைப் பற்றிக் கதைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் கார் ஓடி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். மூன்று மணியானதும் அம்மா மிஞ்சிய கறியை ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எங்களுக்குள் சண்டை என்று ஒன்று இருந்தால் அது பொப்-பங்க் இசையைப் பற்றித்தான். சிரிக்காதீர்கள். காணிக்கும் நகைக்கும் பேச்சு நிறுத்திய குடும்பங்கள் எத்தனை. நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை, அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

அந்த இசை தெரியாதவர்களுக்கு: ட்றம்ஸ் ஓட்டமாக ஓடும். கிற்றாரில் மூன்று சுரக்கட்டு, கோர்ட் என்பார்கள், மிஞ்சினால் நாலு. மெட்டு மட்டும் சீனிப்பாகு. பாடுகிறவன் தடிமன் பிடித்தவன் மாதிரி மூக்கால் பாடுவான். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, காதலி விட்டுப் போய்விட்டாள், இந்த ஊர் அலுத்துவிட்டது, நான் போகப்போகிறேன். இவ்வளவுதான். எனக்கு அது உயிர்.

எனக்குப் பதினேழு வயதில் ஸ்கீவ இளைஞர் இல்லத்தில் யாக்கொப் என்ற டேனிஷ் பையன் இசைக்குழு ஒன்று, பாண்ட், தொடங்கினான். அவனுக்கு ட்றம்ஸ், எனக்கு பேஸ் கிற்றார். அப்பா இன்னாசித்தம்பி அப்போது உயிரோடு இருந்தார். "பொம்பிளைப் பிள்ளை பின்னேரத்திலை பொடியங்களோடை தனியப் போறதோ? அண்ணை கூட வந்தால் போ. இல்லாட்டி வீட்டிலை இரு" என்றார். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது ஒன்றும் புதினமில்லை. அண்ணன் தொழிற்சாலை வேலை முடித்து, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், நாங்கள் பாட்டுப் பழகும் அறையின் மூலையில் ஒரு கதிரையில் காவலுக்கு இருந்தார். மூன்றாம் கிழமை கிற்றார் அடித்த பையன் விட்டுவிட்டான். காவலுக்கு வந்தவர் எழும்பிக் கிற்றாரைத் தூக்கினார். ஆறு மாதத்தில் பாட்டுகளை எழுதியதும் அவர், பாடியதும் அவர். பல்லவியில் மட்டும் நான் சேர்ந்து கத்துவேன்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு, பெரிய போட்டி ஒன்றுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, அண்ணன் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இது சின்னப்பிள்ளையளின்ரை சிணுங்கல். இசையே இல்லை. இனி நான் வரமாட்டன்" என்றார். அவர் வராவிட்டால் நான் போகமுடியாது. அது வீட்டுச் சட்டம், அவருக்குத் தெரியும். ஒரே நாளில் பாண்ட் முடிந்தது. அன்று நான் கதவை அடித்துச் சாத்திய சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தக் கோடையே நான் படிக்க ஓகூஸ் நகரத்துக்குப் போய்விட்டேன்; படிப்பு என்றால் அப்பா மறுக்கமாட்டார். பத்தொன்பது வருடமாகிறது. இன்றைக்கும் என் காரில் அந்த இசை போனால் அண்ணன் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி நிறுத்துவார். நான் மறுபடி போடுவேன். அவர் மறுபடி நிறுத்துவார்.

போன ஆகஸ்டில் யாக்கொப் போன் எடுத்தான். இளைஞர் இல்லம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறதாம். பழைய கட்டடத்தின் கடைசி நாளில், நவம்பரில், பழைய பாண்ட்கள் எல்லாம் இருபது நிமிடம் வாசிக்கப் போகின்றனவாம். "நீங்கள் இரண்டு பேரும் வருவீர்களா?" என்று கேட்டான். அண்ணன் இல்லாமல் முடியாது. பாட்டுகள் எழுதிய கொப்பி அவரிடம், மெட்டுகளும் அவர் தலைக்குள். எனக்கு ஆசை வந்துவிட்டது. மேடை ஆசை மட்டுமில்லை. அவர் ஒரு தடவை என் பக்கத்தில் நின்று அதைப் பாடினால், அன்றைக்குச் சொன்னது பிழை என்று ஒத்துக்கொண்ட மாதிரி. எனக்கு அதுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அண்ணை, நாலே நாலு பாட்டு. இருபது நிமிஷம்."

"எனக்கு நாப்பத்தாறு வயசு, மரினா. மூக்காலை பாடச் சொல்லுறியோ?"

"அது நல்ல இசை."

"கூச்சல்."

"ஆர் சொன்னது?"

"காதிருக்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். அம்மா, நீங்கள் சொல்லுங்கோ."

அம்மா கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "என்னை விடுங்கோ. எனக்கு ரெண்டு பேற்றை சத்தமும் ஒண்டுதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சில்க்போர்க் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்பு வந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் "புலம்பெயர் வாழ்வில் நிம்மதி தருவது பணமா, பாசமா" என்று பேசிப் பேசி எல்லோருக்கும் வாய் புளித்துவிட்டது. இளையோர் குழுவில் துவாரகா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, இந்த முறை தலைப்பைத் தாங்கள்தான் வைப்போம் என்று அடம்பிடித்தாள். இப்போதைய பிள்ளைகளிடம் அந்த இசை திரும்ப வந்திருக்கிறது. "பொப்-பங்க்: நல்ல இசையா, வெறும் கூச்சலா?" என்று வைத்தாள். பேச்சாளர்களில் நானும் ஒருத்தி. ஸ்கீவயிலிருந்து அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் அவர் பெரிய ஆள்.

நடுவர் நித்தியானந்தன் மாஸ்டர். எழுபது வயது. பண்ணிசைப் போட்டிகளுக்குப் புள்ளி போட்டு முடி நரைத்தவர்.

"சரி, மாஸ்டர் தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார் அண்ணன். "நல்ல இசை எண்டு அவர் சொன்னால் நான் நவம்பரிலை வந்து பாடுறன். கூச்சல் எண்டு சொன்னால் நீ இந்தக் கதையை இனிச் சாகும்வரைக்கும் எடுக்கக்கூடாது."

"சத்தியமா?"

"மாதா மேலை சத்தியமா."

அவர் மாஸ்டரின் காதை நம்பினார். நான் என் வாயை நம்பினேன். ஆனால் இரண்டு பேரும் ஒன்றை மறந்துபோனோம். மாஸ்டரின் பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் தீர்மானிப்பார். எடுத்த சீட்டை மாற்றவும் விடமாட்டார். "சொந்தக் கருத்தைச் சொல்லுறதுக்கு மேடை எதுக்கு? அதை வீட்டிலை சொல்லுங்கோ" என்பது அவர் கொள்கை.

விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன் தமிழ்ப் பாடசாலையில் சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது "கூச்சல்". அண்ணனுக்கு வந்தது "நல்ல இசை". என்னோடு அந்தோனிதாசன் அண்ணை, அண்ணனோடு துவாரகா.

"மாஸ்டர், இது அநியாயம்" என்றேன்.

"திருவுளம், பிள்ளை" என்றார் மாஸ்டர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். நான் வென்றால் எனக்குக் கச்சேரி இல்லை. அவர் வென்றால் அவர் பாடவேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் வாய்க்குள் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகவே தோற்பதற்கு ஆயத்தம் செய்தேன். வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? இரண்டு பின்னேரம் குந்தியிருந்து, ஒன்றுக்கும் உதவாத எட்டுக் காரணங்களைத் தேடி எழுதினேன். ட்றம்ஸ் சத்தம் அயலவருக்கு இடைஞ்சல். பாடுகிறவர்களின் தலைமயிர் வெட்டு சரியில்லை. காற்சட்டை அளவில்லை. இதைக் கேட்டு மாஸ்டர் எனக்கு வெற்றி கொடுத்தால் அவருடைய மூளையைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விழா ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மாலை மூன்று மணிக்கு, பள்ளிக்கூடமொன்றின் உடற்பயிற்சி மண்டபத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை. இருநூறு பேர் இருக்கும். வடையும் தேத்தண்ணியும் முடிந்து, சின்னப் பிள்ளைகளின் நடனமும் முடிந்து, எங்களை ஏற்றினார்கள். மாஸ்டர் ஒரு கொப்பியோடு வந்திருந்தார். பதினைந்து பாட்டு கேட்டாராம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதியிருந்தாராம். "பதினைஞ்சும் ஒரு பாட்டோ எண்டு எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளையள் இல்லை எண்டு சொல்லுகினம்" என்று தொடங்கினார். மண்டபம் சிரித்தது.

முதலில் துவாரகா எழும்பினாள். அவளுடைய தமிழ் பாதி டேனிஷ், ஆனால் நெருப்பு. "எல்லாரும் ஈசி ஈசி எண்டு சொல்லுறீங்கள். ஈசி எண்டதுதான் போயின்ற். நான் மூண்டு கோர்ட் பழகி ஒரு மாசத்திலை பாண்டிலை நிண்டனான். வயலின் எட்டு வருஷம் பழகினனான், இன்னும் மேடை ஏத்தேல்லை!" என்றாள். வயலின் ரீச்சர் முதல் வரிசையில் இருந்தார். பாவம்.

அந்தோனிதாசன் அண்ணை பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவர். அமைதியான மனிதர். "எனக்கு உண்மையான பங்க் எண்ட முரட்டு இசை கேக்கிற டேனிஷ்காரர் சிநேகிதர். அவையளுக்கு இது பிடிக்காது, இனிப்புக் கூடிப்போச்சாம். சங்கீதம் தெரிஞ்சவைக்கும் பிடிக்காது, இரைச்சல் கூடிப்போச்சாம். ரெண்டுங்கெட்டான். கோபக்காரன் மாதிரி நடிக்குது, ஆனால் கடையிலை விக்கிறதுக்குச் செய்த கோபம்" என்றார். நல்லாகத்தான் சொன்னார். ஐயோ, இந்த மனுசன் வென்று தந்துவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

அடுத்தது அண்ணன். எழும்பி, மைக்கைச் சரிசெய்து, மரியாதையாக ஒரு வணக்கம் சொன்னார். தொடக்கம் திறமாகத்தான் இருந்தது. "ஒரே மெட்டு எண்டு குறை சொல்லுறீங்கள். சிலுவைப்பாதைக்கு வந்து பாருங்கோ. பதினாலு தலத்துக்கும் ஒரே மெட்டுத்தான். ஆராவது எழும்பிப் போனவையே?" வேதக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. மேடையைக் கண்டதும் அவருக்கும் வெல்லத்தான் மனம் வரும், எங்கள் இரத்தம் அப்படி என்று நினைத்தேன்.

இல்லை. திடீரென்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். "இதின்ரை தத்துவ ஆழத்தை இப்ப கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார். "அம்மா கோப்பை கழுவச் சொன்னா, நான் ஊரை விட்டுப் போறேன்... அப்பா படுக்கை மடிக்கச் சொன்னார், நான் ஊரை விட்டுப் போறேன்..." மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் காலை உதறி ஒரு துள்ளல் வேறு துள்ளினார். பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்றார்கள். "ஆகவே இது நல்ல இசை. நன்றி, வணக்கம்" என்று போய் இருந்தார்.

எல்லோருக்கும் அது பகிடி. எனக்கு மட்டும் அந்த மெட்டுத் தெரியும். அது எங்கள் மெட்டு. அவர் எழுதி, நான் இரண்டு வருடம் தொண்டை கிழியச் சேர்ந்து கத்திய மெட்டு. என் பதினெட்டு வயதை இருநூறு பேருக்கு முன்னால் மூக்கைப் பிடித்துக் காட்டிவிட்டு வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என் முறை. எழும்பினேன். எழுதிவைத்த தாள் கையில் இருந்தது. தலைமயிர், காற்சட்டை, அயலவர். தாளை மடித்து மேசையில் வைத்தேன்.

"நடுவர் அவர்களே, ஏன் இந்த இசை ஒருத்தருக்குப் பிடிக்குது, மற்றவருக்குப் பிடிக்குதில்லை? காதாலை இல்லை" என்று தொடங்கினேன். "'இந்த ஊர் அலுத்துப் போச்சு, வீட்டை விட்டு ஓடப்போறன்' எண்டு பாடுற பிள்ளைக்கு, பாடி முடிய வீட்டிலை அம்மா சாப்பாடு மூடி வைச்சிருப்பா. அவன் ஓடமாட்டான். ஓடினாலும் திரும்பி வர வீடு இருக்கும். என்ரை அண்ணையைப் பாருங்கோ. பதினொரு வயசிலை சண்டைக்குத் தப்பி பேசாலைக் கரையிலை வள்ளம் ஏறினவர். மூண்டு வயசுப் பிள்ளையா நான் அம்மாவின்ரை மடியிலை. அம்மாவின்ரை வாயை இவர் பொத்திக்கொண்டு இருந்தாராம், அழுகைச் சத்தம் நேவிக்குக் கேட்டிடும் எண்டு. அடுத்த மாசம் எங்கடை வீடு இல்லை. அப்பிடி ஓடி வந்தவரிட்டை, ஓடப்போறன் ஓடப்போறன் எண்டு விளையாட்டுக்குப் பாடினால் அவருக்கு எப்பிடி இருக்கும்? அது இசையோ? பசியில்லாதவன் பசிச்சவனுக்கு முன்னாலை நிண்டு பசிக்குது எண்டு பாடுறது. அதுக்குப் பேர் கூச்சல்!"

முதலில் ஒரு கிழவர் கை தட்டினார். பிறகு எல்லோரும். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

கோபத்தில் தொடங்கியவள், பாதி வழியில் நான் சொன்னதை நானே நம்பிவிட்டேன். ஓகோ, அதனால்தான் விட்டார் போலிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் பட்டது. இருந்தபிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். வள்ளத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொன்னது. கேட்காமல் எடுத்துக் கடைபரப்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதோடு, வெல்லப்போகிறேன் என்பதும் விளங்கியது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மாஸ்டரின் முறைப்படி, தீர்ப்புக்கு முன் ஆதரிக்கும் அணிக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் உண்டு. அண்ணன் எழும்பினார். இந்த முறை மூக்கைப் பிடிக்கவில்லை.

"தங்கச்சி நல்லாக் கதைச்சவ. ஆனால் பிழை" என்றார். "எனக்கு அந்தப் பாட்டு விருப்பம். அவவைவிட விருப்பம். அலுப்பு எண்டு அழுறதுக்கு ஒரு ஊர் வேணும். பஸ் நேரத்துக்கு வாற ஊர். இரவிலை ஆரும் கதவு தட்டாத ஊர். அப்பிடி ஊரிலை இருக்கிறவைக்குத்தான் அலுக்கும். எனக்கு அந்த அலுப்பு வேணும் எண்டு ஆசை. அந்த நாளிலை, பாண்ட் பழகின அறைக்குள்ளை கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் நிண்டு, 'இந்த ஊர் சரியான அலுப்பு' எண்டு கத்துவன். அந்த ரெண்டு மணித்தியாலம் எனக்கு வேறை ஒரு பிரச்சினையும் இல்லை. உலகத்திலை என்ரை பெரிய பிரச்சினை ஸ்கீவதான். அதைவிடச் சந்தோசமா நான் இருந்ததே இல்லை. அவ்வளவுதான்."

யாரும் கை தட்டவில்லை. தட்டுவது சரியில்லை என்ற மாதிரி இருந்தது. பத்தொன்பது வருடமாக நான் கேட்க ஆசைப்பட்டதை மைக்கில் சொல்லிவிட்டார். அப்படியானால் ஏன்?

மாஸ்டரும் அதைத்தான் கேட்டார். "அவ்வளவு விருப்பம் எண்டால், றொஜிதன், ஏன் பிறகு விட்டனீர்?"

"அது தலைப்பிலை இல்லை, மாஸ்டர்" என்று அண்ணன் போய் இருந்தார்.

மாஸ்டர் கொப்பியை மூடினார். "பாட்டைக் கேக்கிறம் எண்டு நினைச்சு ஆக்கள் தங்களைத்தான் கேக்கினம். அதாலைதான் இந்தச் சண்டை முடியாது" என்றார். "துவாரகா தன்ரை வயசைக் கேக்கிறா. அந்தோனிதாசன் தன்ரை சிநேகிதரைக் கேக்கிறார். றொஜிதன் சொன்னதைக் கேட்டு நான் உருகிப்போனன். ஆனால் அது றொஜிதனின்ரை பெருமை. பாட்டின்ரை பெருமை எண்டு நான் எப்பிடி எழுதுறது? நான் பதினைஞ்சு பாட்டையும் கேட்டனான். அதிலை ஒண்டிலும் றொஜிதன் சொன்னது இல்லை. அவர் கொண்டுபோய் வைச்சதுதான் இருக்கு. ஆகவே, மரினா அணியின் கூற்றே சரி. கூச்சல்!"

"மாஸ்டர், பிழை!" என்று நான் எழும்பிக் கத்தினேன். "தீர்ப்புப் பிழை! அவர் சொன்னதுதான் சரி!"

மண்டபம் மறுபடி சிரித்தது. வென்றவள் நியாயம் கேட்டுச் சண்டை பிடித்ததை அவர்கள் இதற்கு முன் கண்டிருக்கமாட்டார்கள். "பிள்ளை, அழகாக் கதைச்சிட்டு இப்ப என்ன?" என்று மாஸ்டர் என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். புகைப்படத்தில் நான் யாரையோ கடிக்கப் போகிற மாதிரி நிற்கிறேன்.

பொன்னாடையோடேயே வெளியே ஓடினேன். அண்ணன் கார் நிறுத்துமிடத்தில், மழைத் தூறலில், காரில் சாய்ந்து நின்றார். எனக்காகத்தான் நின்றார் என்று நினைக்கிறேன்.

"அண்ணை, வள்ளத்தை நான் இழுத்திருக்கக்கூடாது. பிழை விட்டிட்டன்" என்றேன்.

"பரவாயில்லை. ஆராவது ஒருக்காச் சொல்லத்தானே வேணும்."

"நவம்பருக்கு வாங்கோ."

"தீர்ப்பு தீர்ப்புதான். சத்தியம் பண்ணினது."

"சத்தியத்தைத் தூக்கிக் குப்பையிலை போடுங்கோ! விருப்பம் எண்டு இப்பதானே உங்கடை வாயாலை சொன்னீங்கள். பிறகேன் அண்டைக்கு விட்டனீங்கள்? என்னையும் சேத்து ஏன் நிப்பாட்டினீங்கள்?" குரல் உடைந்துவிட்டது. கோபத்தில்தான் உடைந்தது என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டேன்.

அண்ணன் கார்த் திறப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஓகூஸிலை இருந்து கடிதம் வந்த கிழமை அது. உனக்கு இடம் கிடைச்ச கடிதம். அண்டைக்கும் நாங்கள் பாட்டுப் பழகினம். 'நான் போறன், இந்த ஊரை விட்டுப் போறன்' எண்டு நீ கத்தினாய். எத்தினையோ தரம் கேட்டனான். நான் எழுதினதுதானே. எனக்கு அது விளையாட்டு. அண்டைக்கு உன்ரை முகத்தைப் பாத்தன். நீ விளையாடேல்லை. உண்மையாப் போகப்போறாய். சந்தோசமாப் போகப்போறாய்." திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். "நான் ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான், மரினா. என்னை விட்டிட்டுப் போறதை ஒராள் எனக்கு முன்னாலை நிண்டு, என்ரை பாட்டிலையே பாடினால், அதுக்கு நான் கிற்றார் அடிக்கிறதோ?"

நனைந்த பொன்னாடையைத் தோளில் இழுத்துவிட்டேன்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு" என்றார். "இந்த ஊர், இந்த ஊர் எண்டு கத்தினியே. அது நான் இருக்கிற ஊர் எண்டு ஒருக்காலாவது நினைச்சனியோ?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது, அலுவலகத்தில் நாள்முழுக்க அதுதான் வேலை. முடியவில்லை.

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அம்மா என்னோடு வந்த நாளிலிருந்து அவர்தான் வருகிறார், ஒவ்வொரு ஞாயிறும். நான் ஸ்கீவக்குக் கடைசியாகப் போனது அப்பாவின் செத்தவீட்டுக்கு. ஏழு வருடமாகிறது. அவருடைய இப்போதைய வீட்டின் குசினி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் அந்தத் தூறலில் நின்று முதல் தடவையாக எண்ணினேன்.

"அப்ப அந்தப் பாட்டை விடுவம். மற்றப் பாட்டுகளைப் பாடுவம்" என்றேன்.

"மற்றப் பாட்டோ?" சிரித்தார். "எல்லாம் அதுதானே. போறன், போறன், போறன். திரும்பி வாறன் எண்டு ஒரு பாட்டு எங்களிட்டை இருக்கோ?"

யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் இல்லை. நான் காரில் போட்டுக் கேட்கிற நூற்றுக்கணக்கான பாட்டுகளிலும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"இல்லை, அண்ணை."

"அப்ப மாஸ்டரின்ரை தீர்ப்பு சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார்.

அவர் ஏறி இருந்து, திறப்பைப் போட்டு, கண்ணாடியைச் சரிபார்த்தார். நான் மறுபக்கத்தால் போய்க் கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். பொன்னாடை கதவில் மாட்டிக்கொண்டது. இழுத்து மடியில் போட்டேன்.

"என்ன?" என்றார்.

"ஸ்கீவக்கு வாறன்."

"இப்பவோ? உன்ரை கார்?"

"நிக்கட்டும்."

"அம்மா?"

"போன் எடுத்துச் சொல்லுறன்."

"வீட்டிலை ஒண்டும் சமைக்கேல்லை, மரினா. கட்டில்கூட ஒண்டுதான். நீ அங்கை வந்து என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், மறைக்கவில்லை. "காரை எடுங்கோ."